தண்ணீர் போன வழியில் துரு: சின்ன மாடலைப் பழசாக்கும் விதம்

பகலில் என் வேலை, இரும்பில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்வது. தொட்டி, குழாய், தாங்கு சட்டம் என்று சுற்றிவந்து பெயின்ட் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதே கை, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் மாடலுக்குத் துரு ஏற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் இந்தக் கிண்டல் ஓய்ந்தபாடில்லை.

ஆனால் பகல் வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. துரு நினைத்த இடத்தில் எல்லாம் வராது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வழிகிறது, எங்கே காயாமல் ஒளிந்துகொள்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் துரு அங்கே உட்கார்ந்திருக்கும். நல்ல பெயின்ட், நல்ல பிரஷ், பொறுமை எல்லாம் இருந்தும் மாடல் பொய்யாகத் தெரிகிறது என்றால், செய்தவர் தண்ணீரை மறந்துவிட்டார் என்று அர்த்தம். நானும் பல வருடம் மறந்திருந்தேன்.

இங்கே உதாரணத்துக்கு 1/35 அளவில் ஒரு இருபதடி சரக்குக் கன்டெய்னரை எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் பார்த்த பொருள். அகலமான தகடுகள், தப்பை ஒளிக்க மூலைமுடுக்கு கிடையாது. நிஜத்தில் 6.06 மீட்டர் நீளம், 2.44 மீட்டர் அகலம், 2.59 மீட்டர் உயரம். மாடலில் 173 மி.மீ., 70 மி.மீ., 74 மி.மீ. ஆக ஒரு கையில் அடங்கிவிடும். இதில் பழகினால் லாரி, டாங்க், ரயில் பெட்டி எதற்கும் கை போகும்.

பெயின்டைத் திறக்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. 1/35 மாடலில் 1 மி.மீ. அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்ததாகக் காட்டினால், நிஜத்தில் அது 3.5 செ.மீ. அதே 1 மி.மீ. 1/72-ல் 7.2 செ.மீ. ஆகிவிடும். 1/87 ரயில் மாடலில் 8.7 செ.மீ., கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். ஒரு வண்டியில் நூறு இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அது ஓடுகிற வண்டி இல்லை, பழைய இரும்புக்குப் போக வேண்டியது. அதனால் அளவு சிறுக்கச் சிறுக்கப் பெயர்ந்த இடங்களைக் குறைத்து, நிற வேறுபாட்டை வைத்தே வயதைக் காட்டுங்கள். 1/72-க்குக் கீழே நான் பெரும்பாலும் சிப்பிங், அதாவது பெயின்ட் பெயர்ந்ததாகக் காட்டும் வேலை, செய்வதே இல்லை.

எது துருப்பிடிக்காது என்பதையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் கதவில் மேலிருந்து கீழ்வரை ஓடும் பூட்டுக் கம்பிகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. அவை மங்கிய சாம்பல் நிறத்தில் வெள்ளை படிந்து நிற்கும். துத்தநாகம் தேய்ந்துபோன இடத்தில் மட்டும்தான் பழுப்பு எட்டிப்பார்க்கும். கதவோர ரப்பர் வெளுத்து வெடிக்கும். தரை மரப்பலகை. மற்ற மாடல்களிலும் இப்படித்தான்: அலுமினியம் சுண்ணாம்பு போல் வெளுக்கும், செம்பும் பித்தளையும் கறுத்துப் பச்சை பூக்கும். விமானத்தின் அலுமினியத் தோலில் ஆரஞ்சு நிறத்தில் துரு ஓடவிட்ட மாடலைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

இன்னொன்று. கன்டெய்னர் தகடு சாதாரண இரும்பு இல்லை, கார்ட்டன் ஸ்டீல். செம்பு, குரோமியம் போன்றவை கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். அதன் துரு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதற்குக் கவசம் மாதிரி ஆகிவிடும். ஆகவே சுவர்களில் கறுத்த, வழவழப்பான பழுப்பு. பொருக்குப் பொருக்காக உரியும் துரு, தண்ணீர் வெளியேற வழியில்லாத அடிச்சட்டத்திலும் கதவின் கீழ் விளிம்பிலும்தான். சாதாரணத் தகரத்தால் செய்த பழைய கார் என்றால் கதை வேறு. அது உள்ளிருந்து இற்றுப்போகும், ஓட்டை விழும்.

அடியில் இருட்டு, மேலே ஆரஞ்சு

புதுத் துரு ஆரஞ்சு. நாள்பட்டது செம்பழுப்பு. வருடக்கணக்கானது கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட பழுப்பு. பெயின்ட் அடிக்கும் வரிசை இதற்கு நேர் எதிர்: மிகப் பழையது முதலில், மிக அதிகப் பரப்பில். மிகப் புதியது கடைசியில், மிகக் குறைந்த இடத்தில். ஆரம்பக்காரர்கள் ஆரஞ்சுப் பெயின்டை முதலில் திறக்கிறார்கள். அங்கேயே பாதி ஆட்டம் போய்விடுகிறது.

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பெயின்ட் பிடித்து நிற்க அடிப்பூச்சாக லாக்கர் பிரைமர் ஒரு கோட். பொருக்கு வேண்டிய இடங்களில் மட்டும், இடுக்கு அடைக்கும் புட்டிக் களிம்பை லாக்கர் தின்னரில் கரைத்துப் பழைய பிரஷால் குத்திக் குத்தி வையுங்கள். சமையல் சோடாவைப் பெயின்டில் குழைத்து வைத்தாலும் அந்தச் சொரசொரப்பு கிடைக்கும். ஆனால் சூப்பர் குளூ இருக்கும் பக்கம் சோடாவைக் கொண்டுபோகாதீர்கள், தொட்ட நொடியில் கல்லாகிவிடும்.

அடிநிறத்துக்கு நான் டாமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட் எடுத்து, அதில் எக்ஸ்எஃப்-1 கறுப்பை மூன்றில் ஒரு பங்கு கலக்கிறேன். காற்றால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ், 0.3 மி.மீ. ஊசி போட்டது, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம். முழுதும் மூடிய பிறகு எக்ஸ்எஃப்-64 சிவப்புப் பழுப்பைத் திட்டுத் திட்டாக. பிறகு அதோடு ஆரஞ்சு சில துளி கலந்து ஸ்பாஞ்சால் அங்கங்கே ஒற்றி எடுப்பேன். ஸ்பாஞ்சைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தெடுங்கள்; வெட்டிய விளிம்பு மாடலில் கோடாகப் பதியும். ஏர்பிரஷ் இல்லையா, கவலை வேண்டாம். இந்த அடுக்கு முழுவதையும் ஸ்பாஞ்சாலேயே செய்யலாம், துருவுக்கு அது இன்னும் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன்.

இந்தக் கட்டத்தில் மாடல் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும். அதன்மேல் நிறமில்லாத லாக்கர் கிளியர் ஒரு கோட் அடித்து 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள். அடுத்து வரப்போகும் தண்ணீரும் சுரண்டலும் அடிநிறத்தைத் தொடாமல் தடுப்பது இந்தக் கிளியர்தான்.

ஹேர் ஸ்ப்ரே

தலைமுடிக்கு அடிக்கும் அதே ஸ்ப்ரே. மகளின் மேசையிலிருந்து முதல் டப்பாவைக் கடன் வாங்கினேன், இப்போது எனக்கென்று ஒன்று இருக்கிறது. இதன் சூட்சுமம், ஸ்ப்ரே தண்ணீரில் கரையும் என்பதில் இருக்கிறது. துரு நிறத்துக்கும் மேல் நிறத்துக்கும் நடுவே அதைப் படியவிட்டால், பிறகு தண்ணீர் தடவும்போது மேல் நிறம் பிடிமானம் இழந்து பெயர்ந்து வரும். நிஜத்தில் பெயின்ட் பெயர்வதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். விளிம்பில் ஒரு கீறல், அதன் வழி ஈரம் அடியில் புகுகிறது, பெயின்ட் தூக்கிக்கொள்கிறது.

ஒரு அடி தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய கோட். பத்துப் பதினைந்து நிமிடம் காயட்டும். மேல் நிறம் அக்ரிலிக்காக இருக்க வேண்டும், அதையும் தண்ணீரில் கரைத்தே அடியுங்கள். லாக்கர் தின்னரில் கரைத்தால் அது ஸ்ப்ரேயைக் கடித்துக்கொண்டு அடிநிறத்தோடு ஒட்டிவிடும். எனாமல் அடித்தால் தண்ணீர் உள்ளேயே புகாது. ஒருமுறை எனாமல் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் பளபளப்பானதுதான் மிச்சம்.

என் கன்டெய்னர் நீலம். மேல் நிறம் அடித்து இருபது நிமிடத்தில் வேலையைத் தொடங்கினேன். அரை மணிக்குள் சுலபமாக வரும், ஒரு நாள் விட்டால் முரண்டு பிடிக்கும்.

இனி மெதுவாகப் போக வேண்டிய இடம். பக்கச் சுவரின் அடிச்சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரண பிரஷால் இரண்டு விரல் நீளத்துக்கு மட்டும் தண்ணீர் தடவுங்கள். முப்பது நொடி சும்மா இருங்கள். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு முடியைக் குட்டையாக வெட்டிய பழைய பிரஷை நிமிர்த்திப் பிடித்து விளிம்பில் குத்துங்கள், தேய்க்க வேண்டாம். நாலைந்து குத்தில் விளிம்பின் நீலம் லேசாகச் சுருங்கும், அதன் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு பழுப்புப் புள்ளி திறக்கும். அந்தப் புள்ளியின் ஓரத்தைக் குத்தினால் அது பெருகும். ஓரம் நேராக இருக்காது, கடித்த மாதிரி இருக்கும். அந்தக் கடித்த ஓரம்தான் நமக்கு வேண்டியது. கைப்பிரஷால் எத்தனை முயன்றாலும் அது வராது. நீளக் கீறலுக்குப் பல்குத்தும் குச்சி. கறை போல் மங்கிய இடத்துக்கு ஈரப் பஞ்சுக் குச்சியால் வட்டமாக. போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஈரம் இருக்கும்வரை பெயின்ட் வந்துகொண்டே இருக்கும். என் முதல் கன்டெய்னரில் ஒரு பக்கம் முழுவதையும் நனைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். வந்தபோது நீலம் ஒரு சட்டையைக் கழற்றிப்போட்ட மாதிரி கீழே கிடந்தது.

எங்கெல்லாம் பெயர்க்க வேண்டும்? நான்கு மூலை வார்ப்புகள், அங்கேதான் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறது, கொக்கி மாட்டுகிறது. ஃபோர்க்லிஃப்ட் கரம் நுழையும் பொந்துகளின் சுற்று. கதவின் கீழ் விளிம்பு, கீல்கள். சுவரின் நெளிவுகளில் வெளியே துருத்திய முகடுகள் மட்டும். பக்கத்துக் கன்டெய்னர் உரசினால் அங்கேதான் உரசும், பள்ளத்தை எட்டாது. கூரையில் ஆள் நடந்து தகடு குழிந்த இடங்கள். சுவரின் மேல் பாதியை முடிந்தவரை விட்டுவையுங்கள். நீலம் நீலமாகத் தெரிந்தால்தான் துரு துருவாகத் தெரியும்.

ஹேர் ஸ்ப்ரேக்கு முன்னால் உப்பு முறை இருந்தது: நனைத்த இடத்தில் உப்பைத் தூவி, காய்ந்ததும் மேல் நிறம் அடித்து, உப்பை உதிர்ப்பது. திட்டுத் திட்டாக உரிந்த பெயின்டுக்கு நன்றாக வரும், மெல்லிய கீறலுக்கு ஆகாது. செய்தால் பிறகு நன்றாகக் கழுவுங்கள், இல்லையென்றால் வெள்ளை பூத்துவிடும்.

முடிந்ததும் மறுபடி ஒரு கிளியர். அதன்மேல் கைப்பிரஷ் வேலை கொஞ்சம் உண்டு. எல்லாக் கீறலும் இரும்புவரை போகாது, மேல் பூச்சோடு நிற்கும் கீறல்தான் அதிகம். அதற்கு, அதே நீலத்தில் வெள்ளை கலந்து வெளிர்நீலமாக்கி மெல்லிய கோடுகள். அவற்றில் சிலவற்றின் நடுவில் மட்டும் வல்லேஹோ கம்பெனியின் 70.822 கறும்பழுப்பு. பழுப்பைச் சுற்றி வெளிர்நீல ஓரத்தை ஒரு நூல் தடிப்புக்கு விட்டுவைத்தால், பெயின்டுக்குத் தடிமன் இருப்பதாகக் கண் நம்பிவிடும். இதற்கு நான் பயன்படுத்துவது 0 எண் பிரஷ். ஐந்து சுழி போட்ட ஊசிப் பிரஷ்களை வாங்கி ஏமாறாதீர்கள், மாடலைத் தொடுமுன் அதன் நுனியில் பெயின்ட் காய்ந்துவிடும்.

வழிந்த தடம்

இதுவரை செய்தது பெயின்ட் பெயர்ந்த கதை. மழை பெய்த கதைக்கு ஆயில் பெயின்ட் வேண்டும். ஓவியம் வரைபவர்களின் டியூப்தான்: பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா அம்பர். இவற்றின் நிறமே இரும்பு ஆக்சைடு. மஞ்சள் சியன்னா மண்ணை வறுத்தால் அதில் கட்டுண்ட தண்ணீர் போய்ச் சிவக்கிறது, அதுதான் பர்ன்ட் சியன்னா. ஆக நீங்கள் பிதுக்குவது கிட்டத்தட்டத் துருவையே. நிறம் அச்சாகப் பொருந்துவதில் வியப்பில்லை.

டியூப்பிலிருந்து நேரே மாடலுக்குப் போகாதீர்கள். ஒரு அட்டைத் துண்டில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பெயின்டைச் சுற்றி எண்ணெய் வளையம் படர்வதைப் பார்க்கலாம். இப்படி எண்ணெய் வடிந்த பெயின்ட் பளபளக்காமல் காயும், சீக்கிரமும் காயும்.

பெயர்ந்த இடத்தின் கீழ் விளிம்பில் குண்டூசித் தலையில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி. ஐந்து நிமிடம் கழித்து, தட்டைப் பிரஷை, ஆயில் பெயின்டைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் தோய்த்துத் துணியில் துடையுங்கள். கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. தடம் மேலே அடர்த்தியாகவும் கீழே போகப்போக மறைவதாகவும் இருக்கும். தடித்துவிட்டால் இரண்டு பக்கத்தையும் சுத்தமான பிரஷால் ஒத்தி ஒடுக்கலாம். கீழே கிளியர் இருப்பதால் பிடிக்காவிட்டால் முழுதும் துடைத்துவிடவும் செய்யலாம். ஆயில் பெயின்டின் பெரிய உபகாரமே அதுதான்.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற இடம். வழிந்த தண்ணீர் அடிச்சட்டத்தின் மேல் விளிம்பில் மோதும். அங்கே நின்று, பக்கவாட்டில் பரவி, பிறகு எங்காவது ஒரு தாழ்ந்த புள்ளி கண்டு அதன் வழியே இறங்கும். ஆகவே தடத்தை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி, விளிம்பு ஓரமாகப் படுக்கைவாக்கில் ஒரு அழுக்குக் கோடு சேர்த்து, அதிலிருந்து ஒன்றிரண்டு தடங்களை மட்டும் கீழே விடுங்கள். சட்டத்தைத் தாண்டி நேர்கோடாக ஓடும் தடம், தண்ணீர் காற்றில் நடந்த மாதிரி இருக்கும். எதிர்மாறான தடமும் உண்டு: தூசி படிந்த சுவரில் மழை கழுவிக்கொண்டு போன சுத்தமான கோடு. வெளிர்பழுப்பை மெலிதாகப் பூசிவிட்டு, ஈரப் பிரஷால் அங்கங்கே கீழ்நோக்கி எடுத்துவிட்டால் போதும்.

மாடலை மேசையில் நிற்கவைத்தே தடம் இழுங்கள். கையில் சாய்த்துப் பிடித்து இழுத்த ஒரு லாரியில் என் தடங்கள் எல்லாம் பத்து டிகிரி சாய்ந்துவிட்டன, பின்னால் குன்று வைத்துச் சமாளித்தேன். தோண்டும் இயந்திரத்தின் கரம் மாதிரி அசையும் பாகம் என்றால், அது எந்த நிலையில் நிறுத்தி நனைந்தது என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.

கீல், மூட்டு, ஆணித்தலைகளைச் சுற்றி எனாமல் வாஷ், அதாவது தண்ணீர் மாதிரி நீர்க்கக் கரைத்த எனாமல். பிரஷ் நுனியால் மூலையைத் தொட்டால் தானே ஓடிப்போய் இடுக்கில் நிற்கும். இங்கே ஒரு எச்சரிக்கை, என் செலவில் கற்றது. ஒரு கவச வண்டியின் அடிப்பாகம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக்கில் வாஷைக் குளமாகத் தேக்கிவிட்டேன். மறுநாள் காலை சக்கரங்களைத் தாங்கும் கரங்களில் நான்கு விண்டு கிடந்தன. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினில் எங்கே இழுவிசை இருக்கிறதோ, அங்கே கரைப்பான் புகுந்தால் விரிசல் விடும். வெற்றுப் பிளாஸ்டிக் தெரியாதபடி உள்பக்கமும் பிரைமர் அடியுங்கள், வாஷைத் தேங்கவிடாதீர்கள்.

தூளும் மினுக்கும்

பளபளப்பைப் போக்கும் மேட் வார்னிஷை இப்போதே அடித்துவிடுங்கள். தூளுக்கு மேல் அடித்தால் பாதித் தூள் காணாமல் போகும். பிக்மென்ட் என்னும் நிறத்தூளில் மூன்று நிறம் போதும்: கறும்பழுப்பு, செம்பழுப்பு, ஆரஞ்சு. கூரைக் குழிகளில் உலர்ந்த தூளை வைத்து, பக்கத்தில் ஒயிட் ஸ்பிரிட் நிறைந்த பிரஷ் நுனியைத் தொட்டால் அது தானே தூளுக்குள் ஊறும். ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் வெளுக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துத் திருப்தியடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம், காயட்டும்.

குட்டை வற்றிய வளையம் வேண்டுமென்றால், ஒயிட் ஸ்பிரிட்டில் மிகக் கொஞ்சம் தூள் கலந்து ஒரு சொட்டு விட்டுவிட்டு எழுந்துபோய்விடுங்கள். ஓரம் முதலில் உலரும், தூள் ஓரத்துக்கு ஒதுங்கும், வளையம் தானே விழும். நிஜக் கூரையிலும் அப்படித்தான் விழுகிறது. இதில் நம் கைத்திறமை ஒன்றும் கிடையாது, விலகி நிற்பதுதான் வேலை.

தூளோடு வேலை செய்யும்போது முகமூடி கட்டாயம். அம்பர் நிறங்களில் மாங்கனீஸ் உண்டு, மூச்சில் போகக் கூடாது. பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹேர் ஸ்ப்ரேயும் ஒயிட் ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உரசி உரசி வெளுத்த இரும்புக்கு 6பி பென்சில். மூலை வார்ப்பின் விளிம்பு, கதவுக் கைப்பிடியில் கை படும் இடம், அவ்வளவுதான். ஓடும் டாங்கின் சங்கிலிப் பட்டையிலும் இதே கதைதான்: தரையைத் தொடும் முகடு மினுங்கும், பள்ளத்தில் பழுப்பும் மண்ணும். புகைக்குழாய் மட்டும் தண்ணீர்க் கணக்குக்கு அடங்காது. சூட்டில் பெயின்ட் வெந்து உதிர்ந்து, முழுதும் சீரான செம்பழுப்பாகிவிடும். அதில் தடம் இழுக்காதீர்கள். தூளை ஒற்றி, வாயில் மட்டும் கரி.

நடுநடுவே போனில் ஒரு படம் எடுத்து, மறுநாள் காலையில் பாருங்கள். ராத்திரி கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். என் கன்டெய்னரில் ஆரஞ்சு ஏழு இடத்தில் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நான்கை எடுத்துவிட்டேன்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: தூள் வைத்த மாடலைத் தொட்டால் கைரேகை விழும், அதை மறைக்க வழி இல்லை. நான் பிரைமருக்கு முன்பே அடித்தட்டில் துளையிட்டு, ஒரு திருகாணியால் மரக்கட்டையில் பூட்டிவிடுகிறேன். கடைசிவரை கட்டையை மட்டும்தான் பிடிப்பேன்.